அரைப்புள்ளி

ஐந்தே முக்காலுக்கு வந்தார் பெள்ளி போஜன்.
கட்டபெட்டிலிருந்து அவர் ஊருக்குக் கடைசி பஸ் ஆறு பத்து.
ரப்பர் வளையம் போட்ட எடைச்சீட்டுகளை
மேஜைமேல் வைத்தார். மார்ச் மாதத்துடையவை.
“ஈர இலைன்னு பத்துச் சதம் பிடிச்சிருக்கீங்க.
மார்ச்சில ஒரு சொட்டு விழுந்துச்சா, மேடம்?”

தொழிற்சாலை மென்பொருள் பார்க்க லட்சணமானது.
பச்சைப் பொத்தான், ஓரத்தில் கொழுந்துப் படம்.
ஓர் ஆளின் ஒரு மாதக் கணக்கைக் கேட்டால்
வட்டம் சுற்றத் தொடங்கும்.
சுற்றி முடிப்பதற்குள்
வாட்டும் தொட்டியில் ஒரு பக்கத்து இலை துவண்டுவிடும்.

நான் கறுப்புத் திரையைத் திறந்தேன்.
கரித்துண்டு நிறத்தில் வெறும் வெளி,
மூலையில் விட்டுவிட்டு எரியும் ஒரு சிறு கோடு,
சொல் என்பதுபோல.

செலக்ட் என்று தொடங்கினேன்.
எந்த அட்டவணை, யாருடைய எண், எந்தத் தேதி முதல்.
குளிரில் விரல் மரத்து
அரைப்புள்ளி வைக்காமல் என்டரைத் தட்டிவிட்டேன்.
அது கோபிக்கவில்லை.
அடுத்த வரிக்கு இறங்கி, இன்னும் ஏதாவது உண்டா என்று
காத்திருந்தது.
இந்தக் கட்டடத்தில் வேறு யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

வைத்தேன்.
இலை போட்டது இருபத்திரண்டு நாள்.
பிடித்தம் பதினாறு நாள்.
பெள்ளி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள்.

இன்னொரு கோப்பும் இருந்தது.
வாட்ச்மேன் இருதயம் காலை எட்டுக்கு மழைமானி பார்த்து
நோட்டில் எழுதுவதை
வேலையற்ற மதியங்களில் நான் ஏற்றி வைத்தது.
எதற்கு என்று அப்போது எனக்கும் தெரியாது.
தேதியைத் தேதியோடு சேர்த்தேன்.
இரண்டு நாள் தூறியிருக்கிறது, அவர்தான் மறந்துவிட்டார்.
மீதிப் பதினான்கு நாளும் மழை பூஜ்யம்.

மேனேஜர் அமலதாஸ் எப்போது பின்னால் வந்து நின்றாரோ.
“மிஸ்ட்டும்மா. மிஸ்ட் மழைமானியில விழாது.”

உண்மைதான்.
சாயங்காலம் பள்ளத்திலிருந்து ஏறிவருவதை
எந்தப் புட்டியில் பிடிப்பது?
அதற்கு எங்கள் அட்டவணையில் பத்தியே இல்லை.
இருந்தாலும் நிரப்ப ஆளில்லாமல் வெற்றாகக் கிடக்கும்.
வெற்றுக்கு இங்கே பெயர் நல்.
தமிழாக வாசித்தால் ஏதோ நல்லது மாதிரி.

மேல் அம்புக்குறியைத் தட்டினேன்,
கடைசியாகக் கேட்டது அப்படியே திரும்பி வந்தது.
ஒரு சொல்லை மாற்றினேன். ஆள்வாரியாக வேண்டாம்,
நிறுத்தம்வாரியாக.

அதே லாரி, அதே சாயங்காலம்.
கீழ்நிறுத்தம் பதினாறு.
அரை மைல் தள்ளி மேல்நிறுத்தம் பூஜ்யம்.
வேர் என்று எழுதி நிபந்தனை போட்டு
இறங்கியிருக்கிறது மூடுபனி.

மேல்நிறுத்தத்தில் யார் தோட்டத்து இலை ஏறுகிறது என்பதற்கு
டேட்டாபேஸைக் கேட்க வேண்டியதில்லை.
அடிக்காத போனை எடுக்க
அமலதாஸ் உள்ளே போனார்.

“மொத்தம் எத்தனை கிலோ?” என்றார் பெள்ளி.
சம் என்று ஒரு சொல்.
எழுபத்திரண்டு.
சீட்டின் முதுகில் எழுதிக்கொண்டார்.
அதை ரூபாயாக்க அவருக்குக் கணினி வேண்டியிருக்கவில்லை.
நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?
பஸ் வளைவில் ஹாரன் அடித்தது, சீட்டுக்கட்டோடு ஓடினார்.
ரப்பர் வளையம் மட்டும் மேஜையில் கிடந்தது.

இருதயம் சாவிக்கொத்தோடு வாசலில் நிற்கிறார்.
உள்ளே ட்ரையர் இரைகிறது, எல்லா நிறுத்தத்து இலையும் ஒன்றாக வேகும் மணம்.

மேல் அம்புக்குறி, மறுபடி.
பெள்ளியின் எண்ணை அழித்தேன். மார்ச்சை அழித்தேன்.
ஏழு வருடம், நானூற்றுப் பதினெட்டுப் பேர்.
என்டர்.

அடுத்த வரியில் கோடு எரிந்து அணைகிறது.
நான் இன்னும் அரைப்புள்ளி வைக்கவில்லை.